செங்கல் நிறம் என்று எழுதினேன்

என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதைச் சொல்ல வெட்கமும் இல்லை. எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் லஞ்ச ஒழிப்புப் பிரிவில் எழுத்து வேலை பார்த்த போலீஸ்காரன் நான். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தன. எனக்குச் சொந்த ஊர் செந்துறைப் பக்கம் என்பதால் அந்தத் திசையில் எந்தப் புகார் வந்தாலும் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். லஞ்சம் வாங்குகிறவரைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகு, அங்கே நடந்ததை நடந்தபடி எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. அந்தக் காகிதத்துக்கு மகஜர் என்று பேர். பிடிப்பது ஐந்து நிமிட வேலை, எழுதுவது ஐந்து மணி நேர வேலை. பெருமை எல்லாம் பிடித்தவர்களுக்குத்தான் போகும்.

எங்களிடம் ஒரே ஒரு ஜீப் இருந்தது. அதை அடையாளம் தெரியாத டீக்கடைக்காரர் பெரம்பலூர் ரோட்டில் ஒருவரும் கிடையாது. வண்டி சிறுவாச்சூரைத் தாண்டுவதற்குள் தகவல் முந்திக்கொண்டு போய்விடும். நாங்கள் போய் இறங்கும்போது நாற்காலி காலியாக இருக்கும், அதிகாரி திடீர் லீவில் இருப்பார். இரண்டு முறை அப்படி ஏமாந்த பிறகு இன்ஸ்பெக்டர் ஜீப்பைத் தொடுவதையே விட்டுவிட்டார். கண்ணாடி டம்ளர், பாட்டில், சலவைச் சோடா, அரக்கு எல்லாவற்றையும் துண்டில் சுற்றி ஒரு மஞ்சள் பைக்குள் வைத்து, பஸ்ஸில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி போவோம். டம்ளர் உடைந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

செட்டிகுளத்துக்காரர் ஒருவரின் புகாரும் அப்படித்தான் வந்தது. அவருடைய அப்பா காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. ஊரார் காட்டில் கூலி வேலை. இவர் பாடுபட்டுக் கிணற்றோடு ஒன்றரை ஏக்கர் வாங்கி வெங்காயம் போட்டிருந்தார். பத்திரம் முடிந்துவிட்டது, பட்டா மட்டும் பேர் மாறவில்லை. பட்டா இல்லாமல் கடன் கிடையாது, கிணற்றுக்குக் கரண்டும் கிடையாது. மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். பெரம்பலூரில் ஓர் அலுவலகத்தில் அதற்கு உரிய அதிகாரி, பணம் தந்தால்தான் ஆகும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாராம். ஊரில் எல்லாரும் கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்றார்கள். இவர் பஸ் ஏறித் திருச்சிக்கு வந்துவிட்டார்.

அவர் கொண்டுவந்த நோட்டுகளில் பினாப்தலின் என்ற வெள்ளைப் பொடியைத் தடவி அவர் சட்டைப்பையில் வைத்தோம். அந்த நோட்டைத் தொட்டவர் விரலைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் விட்டால் தண்ணீர் ரோஸ் நிறமாக மாறும். வலது கைக்கு ஒரு டம்ளர், இடது கைக்கு ஒரு டம்ளர். அதிகாரி கேட்கும் வரை பணத்தைத் தொடக் கூடாது, வாங்கியதும் வெளியே வந்து துண்டை உதற வேண்டும் என்று அவருக்கு மூன்று முறை சொன்னோம். சாட்சிக்கு வேறு துறைகளிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அரியலூரில் வேலை பார்ப்பவர், இன்னொருவருக்கு ஓய்வு பெற ஒரு வருஷம் பாக்கி.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் மனுவோடு உள்ளே போனார், கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து துண்டை உதறினார். நாங்கள் நுழைந்தோம். அதிகாரி முதலில் கத்தினார், பிறகு தண்ணீர் கேட்டார். பணம் அவர் மேஜை டிராயரில் இருந்தது. வலது கையை முதல் டம்ளரில் விடச் சொன்னோம், இடது கையை இரண்டாவதில்.

நான் பேனாவைத் திறந்துகொண்டு பார்த்தேன். இரண்டாவது டம்ளர் பளிச்சென்று ரோஸாகிவிட்டது. முதல் டம்ளர் அப்படி இல்லை. சிவப்புதான், ஆனால் பழுப்பு கலந்த சிவப்பு. சுட்ட செங்கல்லை ஊறவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. வலது கை கழுவிய நீர் செங்கல் நிறம், இடது கை கழுவிய நீர் ரோஸ் நிறம் என்று எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டு, எப்போதும் எழுதுவது போல இரண்டையும் இளஞ்சிவப்பு என்றே எழுதச் சொன்னார். ஐயா, அது இளஞ்சிவப்பு இல்லையே என்றேன். நல்ல மனிதர்தான், ஆனால் சாட்சிகள் முன்னால் எதிர்த்துப் பேசினால் பொறுக்க மாட்டார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. வேண்டுமானால் வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்ளுங்கள் என்று பேனாவை மூடி வைத்தேன். அந்த நேரத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவார்? நான் எழுதியதே நின்றது. திரும்பும்போது அவர் என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

கை கழுவிய நீரைத் தனித்தனிப் பாட்டிலில் அடைத்து, அரக்கு வைத்துச் சென்னைக்கு அனுப்பியிருந்தோம். சில மாதம் கழித்து ரசாயனப் பரிசோதனை அறிக்கை வந்தது. இடது கை பாட்டிலில் பொடி இருக்கிறது, வலது கை பாட்டிலில் பொடி இல்லை. இல்லையென்றால் அது ஏன் சிவந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பொடியே இல்லாமல் ஒரு கை சிவக்கும் என்றால் இன்னொரு கை சிவந்ததற்கு என்ன மதிப்பு என்று எதிர்த்தரப்பு கேட்கும், கேட்காமல் விடாது. இரண்டு நிறமும் வேறு என்று நானே எழுதி வைத்திருந்தது அவர்களுக்கு இன்னும் வசதி. இன்ஸ்பெக்டர் அறிக்கையை என் மேஜையில் போட்டார்.

"பாத்தியாய்யா, நீ எழுதின செங்கல் நம்ம தலையிலயே விழுந்துடுச்சு."

என் பிடிவாதத்தால் ஒரு விவசாயியின் வாழ்க்கை கெட்டுப்போகிறதே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

வழக்கு நீதிமன்றத்துக்கு வரவே வருஷங்கள் ஆயின. அதிகாரி மேல் வழக்குப் போட மேலிடத்தின் அனுமதி வேண்டும், அந்தக் கோப்பு மேஜை மேஜையாகத் தூங்கியது. அதுவரைக்கும் செட்டிகுளத்துக்காரரின் பட்டா மனுவை எந்த அலுவலகத்திலும் ஒருவரும் தொடவில்லை. போட்டுக் கொடுத்தவன் என்று பேர் வாங்கிவிட்டாரே. அவர் கொடுத்த நோட்டுகளும் அரக்கு முத்திரையோடு எங்கள் பீரோவில் கிடந்தன. மாடு ஒன்று செத்துப்போக, இன்னொருவர் மாட்டை இரவல் வாங்கி இறைத்துக்கொண்டிருந்தார்.

சம்மன் கொடுக்க நான்தான் போனேன். வெங்காயத்தைக் கட்டுக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி தரப்பிலிருந்து அவருடைய பங்காளிகளே தூது வந்தார்களாம். அந்தப் பணம் முன்பு வாங்கிய கைமாற்று, அதைத்தான் திருப்பிக் கொடுத்தேன் என்று கூண்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதுமாம், அடுத்த வாரமே பட்டா கைக்கு வந்துவிடுமாம். இதை ஒளிக்காமல் என்னிடம் சொன்னார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எந்த வாயால் கோபப்படுவது? எழுந்து போய் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். கிளம்பும்போது ஒரு கட்டு வெங்காயத்தைக் கையில் திணித்தார். லஞ்ச ஒழிப்பில் இருந்துகொண்டு இதை நான் வாங்க முடியாது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. வீடு தேடி வந்தவருக்குக் கொடுப்பது கூட லஞ்சமா என்று கேட்டார். கட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

விசாரணை நாளில் அரியலூர்ச் சாட்சி எதுவும் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார். ஓய்வு பெற்றவர் அதற்குள் காலமாகிவிட்டார். மிஞ்சியது செட்டிகுளத்துக்காரரும் என் மகஜரும்தான். அவர் வெளுத்த வேட்டியோடு கூண்டில் ஏறினார்.

கைமாற்றா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். இல்லைங்க, லஞ்சம்தான் என்றார். ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பட்டாவும் கரண்டும் அந்த நிமிஷமே கைநழுவிப் போவதை அவர் தெரிந்தேதான் சொன்னார்.

வக்கீல் விடவில்லை. அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். பொடியே இல்லாத வலது கை எப்படிச் சிவந்தது, உண்மையைச் சொல் என்றார். அவர் நீதிபதி பக்கம் திரும்பினார்.

"மனுவுல எங்க வூட்டுக்காரி மஞ்ச தடவியிருந்தாளுங்க. நெலத்துக் காயிதமாச்சேன்னு நாலு மூலையிலும் ஈரமா அப்பி வுட்டுட்டா. அதுவா இருக்கும்."

அந்த மனுவை நான் எத்தனை முறை புரட்டியிருப்பேன். மூலையில் மஞ்சள் இருந்தது உண்மைதான். கல்யாணப் பத்திரிகை, பத்திரம், புதுக் கணக்குப் புத்தகம், எதில்தான் நாங்கள் மஞ்சள் வைக்கவில்லை? காகிதத்தில் மஞ்சள் இருப்பது காகிதம் வெள்ளையாக இருப்பதைப் போல. அதைப் போய் யார் எழுதுவார்கள்? சலவைச் சோடா பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது துணி துவைக்கிற எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். எங்களில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

வக்கீல் சிரித்தார். அப்படியானால் இடது கையிலும் மஞ்சள்தானே என்றார். நீதிபதி நிமிர்ந்து, மனுவையும் பணத்தையும் எந்தக் கையில் வாங்கினார் என்று கேட்டார்.

"மனுவ வலது கையில வாங்குனாருங்க. அதப் படிச்சுக்கிட்டே எடது கைய நீட்டுனாரு. பணத்த அதுலதான் வச்சேன்."

இத்தனை வருஷம் கழித்து அது எப்படி நிச்சயமாகத் தெரியும் என்றார் நீதிபதி.

"மறக்குமாங்க? வெங்காயம் வித்த காசு, லட்சுமி மாதிரி. நான் யாருக்கும் எடது கையில குடுத்ததுமில்ல, யாருகிட்டயும் வாங்குனதுமில்ல. லஞ்சம் கேட்டதக் கூடப் பொறுத்துக்குவேன். எடது கையில வாங்குனாரு பாருங்க, அது இன்னும் ஆறல."

நீதிபதி என் மகஜரை எடுத்துப் படித்தார். வலது கை செங்கல் நிறம், இடது கை ரோஸ் நிறம். அறிக்கையைப் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தார். பாட்டில்களில் இருந்த நிறமெல்லாம் எப்போதோ வெளுத்துப் போயிருந்தது. என் எழுத்து வெளுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் எத்தனை மெடலையும் ஈடாக வாங்க மாட்டேன்.

அதிகாரிக்குத் தண்டனை கிடைத்தது. அதன் பிறகும் பட்டாவுக்காகச் செட்டிகுளத்துக்காரர் ஒரு வருஷம் நடந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருநாள் காலை எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். கையில் காகிதம் மட்டும்.

"வெங்காயம் கொண்டாரல. பயப்படாதீங்க."

பட்டாவை நீட்டினார். நாலு மூலையிலும் மஞ்சள். நான் நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கையாலும் வாங்கினேன். அவர் பேரை வாய்விட்டுப் படித்தேன். கிணற்றுக்குக் கரண்டு வந்துவிட்டதா என்று கேட்டேன். கம்பம் நட்டுவிட்டார்கள் என்றார். அவர் போன பிறகு பார்த்தால் என் கட்டைவிரல்கள் இரண்டிலும் மஞ்சள் ஒட்டியிருந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போன நான், குழாயடியில் சோப்பை எடுக்க மனம் வராமல் கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.