எங்கள் நியூரோ மேடம்

ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளர் போன் செய்தார். "சார், நம்ம நியூரோ மேடம் காலையில போயிட்டாங்க." இலையில் ரசம் ஊற்றியிருந்தார்கள். "நியூரோ மேடமா?" என்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, எந்த ஆஸ்பத்திரி டாக்டருங்க?" டாக்டர் இல்லை, கல்லூரியில் நரம்பு உயிரியல் சொல்லிக்கொடுத்தவர் என்றேன். "நரம்பெல்லாமுங்களா காலேஜுல சொல்லித் தர்றாங்க?" என்றார். திண்டுக்கல்லில் ஒருவர் சொல்லித் தந்தார் என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன்.

பிலோமினா மேடம் விலங்கியல், நான் தாவரவியல். இரண்டு துறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். தொண்ணூறுகளின் நடுவில் பாடத்திட்டம் மாறி, மூன்றாமாண்டுக்கு நரம்பு உயிரியல் தனித்தாளாக வந்தது. யார் எடுக்கிறீர்கள் என்று துறைத்தலைவர் கேட்க, எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்களாம். அது ஓடக்கூட இல்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு அவர் குரல் கேட்டது. "நான் எடுக்குறேன் சார். எனக்கும் அம்புட்டாத் தெரியாது. பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முந்திப் படிச்சா போதும்ல?"

அந்த ஒரு வார இடைவெளியை வைத்துக்கொண்டு அவர் நடத்திய வகுப்புகளைக் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நரம்பணு எப்போது கிளம்பும்? "பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிக்கிற ஷேர் ஆட்டோவப் பாருங்கப்பு. ஆள் சேருற வரைக்கும் நீங்க என்ன கத்தினாலும் அசையாது. சேந்துருச்சா, பெறகு பாதியில நிக்காது. நரம்பும் அப்படித்தான். பாதிக் கிளம்புறதுங்கிற பேச்சே இல்ல." சேவுகம்பட்டியிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து வகுப்பில் தூங்குகிற பையனுக்கும் இது புரிந்தது. நன்றாகவே புரிந்துவிட்டது. அந்த ஆண்டுத் தேர்வில் ஒருவன், 'நரம்பணு போதிய பயணிகள் ஏறியதும் புறப்படும்' என்று எழுதிவைத்தான். விடைத்தாள் திருத்தியவர் கல்லூரிக்கே விளக்கம் கேட்டு எழுதினார். மேடம் முதல்வர் முன்னால் போய், "தப்பா ஒண்ணும் எழுதலயே சார், டிக்கெட் விலையா எழுதிட்டான்?" என்று கேட்டார்.

முதுகலை வகுப்பு தொடங்க அனுமதி கேட்டிருந்த ஆண்டு, ஆய்வுக் குழு வந்தது. அனுமதி கிடைக்காவிட்டால் எங்கள் பிள்ளைகள் மேலே படிக்க மதுரைக்குப் போக வேண்டும். பெண்பிள்ளைகளில் பாதிப்பேரை வீட்டில் அனுப்பமாட்டார்கள். குழுத் தலைவர் கனமான ஆள், சிரிக்காத முகம். முதல்வரோடு மேடத்தின் செய்முறை வகுப்பில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அன்று முழங்கால் அனிச்சைச் செயல். முன்வர மாணவர்கள் கூச்சப்பட்டார்கள். மேடம் நேரே தலைவரிடம் போனார். "ஐயா, செத்த நேரம் மேசையில உக்காருறீங்களா?"

அவரும் ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டார். மேடம் ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. மறுபடியும் தட்டினார். பின்வரிசையிலிருந்து ஒருவன், "மேடம், சாருக்குக் கரண்டு வரல" என்றான். முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடத்திடம் பதற்றமே இல்லை. "கவனம் பூராம் கால்லயே இருந்தா இப்படித்தான், அமுக்கிப் பிடிச்சுக்கிரும். ஐயா, ரெண்டு கை விரலையும் கொக்கி மாதிரி கோத்து இழுங்க. காலை மறந்துருங்க." அவர் கோத்து இழுத்தார். மேடம் தட்டினார். கால் விசுக்கென்று எழும்பி, செருப்பு கழன்று பறந்து முதல்வரின் மடியில் விழுந்தது.

தலைவர் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சர்க்கரை வந்ததுலேர்ந்து இந்தக் கால் செத்துப்போச்சுன்னே நினைச்சிருந்தேன்ம்மா. அந்தக் காலையும் ஒரு தட்டு தட்டுங்க." அனுமதி வந்தது. முதல்வர் மட்டும் அதன்பிறகு மேடத்தின் வகுப்பில் முன்வரிசையில் உட்காரவே இல்லை.

ஓய்வுபெற்ற மறு ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. நாம் பேசுவது புரியும். அவருக்குச் சொல் வராது. நான் போனபோது, இடது கையால் தலையின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார், மூன்றாமாண்டுக்குப் படம் போட்டுக் காட்டுகிற மாதிரி. இளம் மருத்துவர் ஒருவர் வந்து எந்த இடத்தில் அடைப்பு என்று விளக்கினார். சுமாராகத் தயாரித்து வந்த மாணவனின் செமினாரைக் கேட்கிற முகத்தோடு மேடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவர் போனதும் என்னவோ சொல்ல முயன்றார். உதடு கோணியது. "உ... உ..." என்றார். கணவர் அருள்சாமி கட்டிலருகே குனிந்தார். "ஜெபம் சொல்ல உபதேசியாரக் கூப்பிடணுமா? உள்ள வலிக்குதா?" இல்லை என்று தலை ஆடியது. அருள்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைத் தனியே இழுத்து, "கடைசியா என்னமோ சொல்ல வாரா சார்" என்றார். நானும் என் பங்குக்கு, "உறவுக்காரங்களா மேடம்?" என்றேன். இடது கையால் என் மணிக்கட்டில் சுளீரென்று ஒரு அடி விழுந்தது. வாயை மூடிக்கொண்டு நில் என்று அதற்கு அர்த்தம். நின்றோம். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கியே போனார். மேடத்தின் நெற்றியில் வியர்வை பூத்தது. ஒருவழியாக வந்தது: "உப்பு."

அருள்சாமி மேடத்துக்கு ஊட்டியிருந்த கஞ்சியை ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் வைத்தார். "ஆமா, சுத்தமா இல்ல" என்று சொல்லிவிட்டு, தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மேடம் பாதி வாயால் சிரித்தார்.

அதன்பிறகு இரண்டு மழைக்காலம் இருந்தார். சொற்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடித்தார். எவரையும் எடுத்துக்கொடுக்க விடவில்லை.

என் வகுப்பில், விடை தெரிந்தும் சொல் கிடைக்காமல் தவித்து நிற்கிற பிள்ளைகள் எல்லா ஆண்டும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் நானே சொல்லி உட்காரவைத்துவிடுவேன். இப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பிலோமினா மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் காத்திருப்பு ஒன்றைத்தான். சில நாட்களில் மணி அடித்துவிடும். அடுத்த வகுப்பு ஆசிரியர் வாசலில் நின்று இருமுவார். இருமட்டும்.