முனியாண்டி வாசலில் நின்ற ஏடிவி

செம்பனைக் குலை ஏற்றும் மேடையில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ரெங்கசாமி என் அக்காவைப் பழம் தூக்கும் இரும்புக் கொக்கியால் முதுகில் அடித்தான். உதிரிப் பழத்தைச் சரியாகப் பொறுக்கவில்லையாம். வளைந்த முனையால் அடிக்கவில்லை, பிடியால்தான் அடித்தார் என்று அவனுக்காகப் பரிந்து பேசியவர்களும் இருந்தார்கள்.

அக்கா பெயர் நாகமணி. சுங்கை ஆயர் தாவார் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டியே வாழ்ந்தாள். நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு, குலை விழும் இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி நிற்பாள். அண்ணாந்து பார்க்கவே மாட்டாள். கணவன் வேறொருத்தியோடு ஜொகூருக்குப் போய்விட்டான். மகள் குமுதா ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். நான் படித்து முடித்த கையோடு ஊரைவிட்டு வெளியேறியவன்.

மரங்கள் ஒரு சீன முதலாளிக்கு, தவுக்கேக்கு, சொந்தம். வெட்டும் குத்தகை ரெங்கசாமியிடம் இருந்தது. பழத்தை வெளியே இழுத்து வர அவனிடம் மட்டும்தான் டிராக்டர் இருந்தது. ஆகவே வெட்டுகிற கை எவருடையதானாலும் அவனுக்குக் கீழேதான். ஆனால் தோட்டத்தின் பின்பகுதி சதுப்பு நிலம். அங்கே டிராக்டர் இறங்கினால் அச்சு வரைக்கும் புதையும். குலைகள் மரத்தடியிலேயே அழுகும். அந்தப் பகுதிப் பழத்தை யார் வெளியே கொண்டு வந்தாலும் அந்த இடத்தை அவருக்கே தனிக் குத்தகையாகத் தருகிறேன் என்று தவுக்கே சொல்லியிருந்தார்.

முதுகு வீக்கம் வற்றுமுன் அக்கா புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனாள். கோழிக் கூண்டுகளுக்கு அடியில் கிடந்த ஒரு ஏடிவியை இரும்பு விலைக்கு வாங்கி, தெரிந்தவரின் மீன் லோரியில் ஏற்றி வந்தாள். நான்கு தடித்த சக்கரம் உள்ள அந்த மோட்டார் வண்டி சேற்றில் புதையாமல் மிதந்து போகும் என்பதை நெல் வயல்களில் பார்த்திருந்தாள்.

மோட்டார் பட்டறை வைத்திருந்த சுகுமாறன் அதைச் சுற்றி வந்து பார்த்தான்.

“இது ஏடிவி இல்லக்கா. பொணம்.”

“பொணத்துக்குத்தான் உன்கிட்ட கொண்டாந்தேன். உசிரோட இருக்குறத யாருடா உன்கிட்ட குடுப்பா?”

“எஞ்சின் இறுகிக் கெடக்குலா. புதுசு போட்டா நீங்க தாங்க மாட்டீங்க.”

“புதுசு யாரு கேட்டா? நீ தூக்கிப் போடுறத எனக்குக் குடு.”

அப்படித்தான் அது உருவானது. சிலிண்டருக்குள் டீசலை ஊற்றி ஊறவைத்தாள். பிறகு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்து பிஸ்டனை விடுவித்தாள். விபத்தில் நசுங்கிய ஒரு மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைக் கழற்றிப் பொருத்தினாள். விரிசல் விட்ட சட்டத்துக்குத் தண்ணீர்க் குழாயை அறுத்து ஒட்டு வைத்தார்கள். பேட்டரி வாங்க வழியில்லை. இழுத்துக் கிளப்பும் கயிறு ஒன்றைப் புல்வெட்டி எந்திரத்திலிருந்து எடுத்து மாட்டினார்கள். இருக்கைக்கு அரிசிச் சாக்கு.

வண்டி சும்மா உயிர் பெறவில்லை. இறுகிய நட்டைத் திருப்பும்போது ஸ்பேனர் வழுக்கி அக்காவின் புருவத்தைக் கிழித்தது. இன்னொரு நாள் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிச் சங்கிலியைச் சரிபார்க்கையில், பல்சக்கரம் அவள் சுண்டுவிரல் நுனியைக் கடித்துத் துண்டாக்கியது. சுகுமாறன் தலைசுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா துணியைச் சுற்றிக்கொண்டு, “எந்திரிடா, நீ மயங்கிட்டா என்னை யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறது?” என்றாளாம். விரல் துண்டு கிடைக்கவேயில்லை. இந்தச் செய்தி தோட்டம் முழுவதும் பரவியது.

வண்டி கிளம்பிய அன்று ரெங்கசாமி பட்டறை வாசலுக்கு வந்தான்.

“பொம்பள ஏடிவி ஓட்டி குத்தகை எடுக்கப் போறியா? எனக்கே குடுத்துரு. மண்டோரா வச்சிக்கிறேன், ஆளுங்கள மேய்க்கலாம்.”

“உங்க டிராக்டர கழுவ ஆள் வேணும்னா சொல்லுங்க ரெங்கண்ணே, சுகு வருவான்.”

அவன் போகிற போக்கில் முன்விளக்கைக் காலால் உதைத்து நொறுக்கினான்.

இதற்குப் பிறகு அக்கா செய்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. விடிந்ததும் அந்த வண்டியை நேராகச் சதுப்புக்குள் ஓட்டியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களில் எவரும் பூசை போடாத வண்டியில் வேலை தொடங்கமாட்டார்கள். சைக்கிளானாலும் லோரியானாலும் தோட்டத்து முனியாண்டி வாசலில் நிறுத்தி, சேவல் அறுத்து, எல்லாச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் வேலைக்குப் போகும். அந்தக் கோயிலில் சாமி வந்து ஆடுகிறவன் ரெங்கசாமி. அக்காவுக்கு அது தெரியும். சுகுமாறனும் வேண்டாம் என்றான். “சாமி வேற, அவன் வேற” என்று சொல்லி வண்டியைக் கோயிலுக்கு ஓட்டிப் போனாள்.

நான் அங்கே இல்லை. உறுமி அடித்த லிங்கேஸ்வரன் சொன்னதை எழுதுகிறேன்.

ஞாயிறு காலை. சேவலை அறுத்து இரத்தத்தைச் சக்கரங்களில் பூசினார்கள். எலுமிச்சம்பழங்களை வைத்தார்கள். அக்கா சாவியைத் தட்டில் வைத்துக் கும்பிட்டாள். சூடம் காட்டும்போது ரெங்கசாமி உடம்பை முறுக்கிக்கொண்டு கத்தினான். இரண்டு ஆட்கள் பிடித்த அரிவாளின் விளிம்பில் ஏறி நின்றான். வாயில் சுருட்டு, கையில் பிரம்பு.

“இந்த வண்டியில மனுச ரத்தம் இருக்கு” என்றான். “விரல தின்ன வண்டி. அடுத்து உசிர கேக்கும். இது என் வாசல விட்டு போகக் கூடாது. சாவிய என் புள்ள ரெங்கசாமி கையில குடு.”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. “சாமியே கேட்டுருச்சு, குடுத்துரும்மா” என்றார்கள் பெண்கள்.

அக்கா தட்டிலிருந்து சாவியை எடுத்தாள். “முனியாண்டி கேட்டா என் தலையையே குடுப்பேன். இது ரெங்கசாமி வாய். நேத்து குடிச்ச பீர் வாடை கூட போகல.”

அவன் அரிவாளிலிருந்து குதித்து இறங்கிப் பிரம்பால் விளாசினான். முதல் அடி தோளில், இரண்டாவது கன்னத்தில். அக்கா பின்வாங்கவில்லை. இருக்கைச் சாக்கில் செருகியிருந்த ஸ்பேனரை உருவி அவன் வாயில் ஓங்கி அடித்தாள். சுருட்டும் ஒரு பல்லும் மண்ணில் விழுந்தன.

“அடியே நாகமணி! என் பல்லுடி!”

உறுமி நின்றுபோனது. யாரோ ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த கணம் அவனுடைய ஆட்கள் இருவர் அக்காவின் முடியைப் பிடித்துத் தரையில் தள்ளினார்கள். வயிற்றில் மிதித்தார்கள். அவள் ஒருவனுடைய கெண்டைக்காலைக் கடித்துச் சதையைப் பிய்த்தாள். ரெங்கசாமி தரையில் கிடந்த அரிவாளை எடுத்து, மரப்பிடியால் அவள் பின்மண்டையில் அடித்தான். சுற்றி நின்ற அத்தனை பேரில் ஒருவரும் குறுக்கே வரவில்லை. சாமி ஆடும்போது தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை.

அவள் ஊர்ந்துபோய் வண்டியைப் பிடித்து எழுந்தாள். சாவியைத் திருகிக் கயிற்றை இழுத்தாள். கிளம்பவில்லை. ஒருவன் அவள் சட்டையைப் பிடித்துக் கிழித்தான். முழங்கையால் அவன் மூக்கில் குத்திவிட்டு மறுபடி இழுத்தாள். எஞ்சின் புகை கக்கிக்கொண்டு உறுமியது. வண்டி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கோயில் முன் கட்டியிருந்த கயிற்றை அறுத்துப் போனது.

மறுநாள் காலையில் அவள் சதுப்பில் இறங்கினாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வண்டி புதையவில்லை. தவுக்கே குடையோடு வந்து மேடையில் நின்று பார்த்தார். அந்த இடத்தில் பழம் அழுகாமல் வெளியே வந்து அவர் பார்த்தது அதுவே முதல்முறை. அங்கேயே குத்தகையைச் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை அக்கா எனக்குத் தொலைபேசியில் பேசினாள். “இனிமே எவன் கைக்குக் கீழயும் இல்லடா தம்பி” என்றாள். தலை வலிக்கிறது, தூங்கினால் சரியாகிவிடும் என்றாள். சாமி ஆடின கதையைச் சொல்லவே இல்லை.

அந்த வாரம் முழுவதும் பழம் இழுத்தாள். இடையிடையே வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தாளாம். வெயில் என்றாளாம். சனிக்கிழமை மேடையில் குலை இறக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். மண்டைக்குள் இரத்தம் கசிந்து உறைந்திருந்தது என்று மருத்துவர் சொன்னார். கண்ணைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

போலீஸ்காரர் கோயிலில் இருந்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். யார் அடித்தது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். “சாமி அடிச்சது.” அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சாமிதான் அடித்தது என்று நம்பினால்தான் அவர்களால் வீட்டில் சோறு தின்ன முடியும்.

லிங்கேஸ்வரன் மட்டும் மாற்றிச் சொன்னான். “சாமி வந்து நிக்கிறப்ப பல்லு போச்சுன்னு அலறாது சார். ரெங்கசாமிதான் அடிச்சாரு. நான் பாத்தேன்.” வீடு திரும்பும் வழியில் அவனை மறித்துக் கையை உடைத்தார்கள். கட்டுப் போட்ட கையோடு மறுநாள் போய் அதையே எழுதிக் கொடுத்தான். ரெங்கசாமியைப் பிடித்தார்கள். இப்போது ஜாமீனில் இருக்கிறான். வழக்கு நடக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று ரெங்கசாமியின் ஆள் ஒருவன் வந்து, ஏடிவிக்கு நல்ல விலை தருவதாகச் சொன்னான். குமுதா படியிலிருந்து இறங்கி வந்தாள்.

“யாரு கேக்குறா? சாமியா, ரெங்கசாமியா?”

அவன் பணத்தை எடுத்து நீட்டினான்.

“யாரா இருந்தாலும் கெடையாதுன்னு போய் சொல்லு.”

அவள் ரவாங் வேலையை விட்டுவிட்டாள். நான் தடுத்துப் பார்த்தேன். “மாமா, நீங்க போங்க, எனக்கு வேலையிருக்கு” என்றாள். குத்தகை இப்போது அவள் பெயரில் இருக்கிறது. மழைக்காலத்திலும் தினமும் சதுப்பில் இறங்குகிறாள். ரெங்கசாமியின் டிராக்டரும் அதே மேடைக்குத்தான் வருகிறது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பழம் இறக்குகிறார்கள். அவள் கையில் எப்போதும் இரும்புக் கொக்கி இருக்கிறது. அவன் அவள் பக்கம் திரும்புவதில்லை.