நிறுத்தி வைத்த அப்டேட்

பேய், ஆவி என்றாலே எனக்கு ஆகாது. பதினேழு வருடமாக சர்வர்களோடு மாரடிக்கிறவன் நான், காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது, காரணம் தெரியவில்லை என்றால் சர்வர் தானே எழுதிவைக்கும் லாக்கை ஒழுங்காகப் படிக்கவில்லை என்று அர்த்தம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றி மாமனார் ஏதாவது ஆரம்பித்தால், வயரிங்கைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. கோபப்படத் தெம்பும் இல்லை.

திருச்சியில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. இருப்பது ஒரே சர்வர், அதில் பழைய லினக்ஸ். எந்த நோயாளிக்கு என்ன எடை இருக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் ஓடும் ஒரு புரோகிராமில்தான் இருக்கிறது. தண்ணீரைக் கூடுதலாக எடுத்துவிட்டால் ஆள் படுத்த இடத்திலேயே சுருண்டுவிடுவார். அந்தப் புரோகிராம் லினக்ஸின் பழைய ரிலீஸில் மட்டும்தான் ஓடும். அதனால் மாதம் ஒருமுறை பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் போட வேண்டும், புதிய ரிலீஸுக்குத் தாவிவிடக் கூடாது. வீடு மாறாமல் ஓட்டையை மட்டும் அடைக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புரோகிராமை எழுதியவர் செல்வராஜ் அண்ணன். துறையூர்க்காரர், தினமும் பஸ்ஸில் வந்து போவார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். எந்தக் கமாண்ட் அடித்தாலும் வரியின் கடைசியில் ஒரு ஹேஷ் (#) போட்டு, ஏன் அடித்தார் என்று ஒரு குறிப்பு எழுதிவைப்பார், தமிழை இங்கிலீஷ் எழுத்தில். ஹேஷுக்குப் பின்னால் இருப்பதை மெஷின் கண்டுகொள்ளாது, அது பின்னால் வருகிற மனுஷனுக்கு. நான் ஒருநாளும் அப்படி எழுதியதில்லை, சோம்பல்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் கிளம்பும்போது, "மாப்ள, இந்த சர்வர்ல ஒரு விஷயம் இருக்கு, உனக்குச் சொல்லணும். பத்து நிமிஷம் உக்காரு" என்றார். நான் பைக் சாவியைச் சுற்றிக்கொண்டே, "திங்கக்கிழமை பாத்துக்கலாம்ண்ணே" என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். அதற்கப்புறம் அந்த சர்வர் என் தலையில் விழுந்தது.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல்தான் ஓடியது. போன ஆடியில் என் மகளுக்கு டெங்கு. நான்கு நாளாக ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் தூக்கம், அதுவும் பாதி. இதில் அந்த ஞாயிறு அப்டேட் போடும் நாள். காலை ஷிஃப்ட் பன்னிரண்டரைக்கு முடியும், அடுத்தது நாலு மணிக்கு, நடுவில் இருப்பதுதான் என் நேரம். ஏதாவது கெட்டால் பழையபடி மீட்க வைத்திருந்த பேக்கப் டிஸ்க் முந்தின வாரமே செத்துப் போயிருந்தது, புதுசு வரவில்லை. ஒன்றும் ஆகாது என்று உட்கார்ந்தேன்.

உள்ளே நுழைந்ததும் அந்த சர்வர் எப்போதும் ஒரு செய்தி காட்டும்: புதிய ரிலீஸ் வந்திருக்கிறது, மாற இந்தக் கமாண்டை அடிக்கவும் என்று. மாதாமாதம் அதைத் தாண்டித்தான் வேலை பார்ப்பேன். அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் அந்தக் கமாண்டையே அடித்துவிட்டேன். தொடரலாமா என்று கேட்டது. படிக்காமலே ஆம் என்று அமுக்கினேன். விரல் எந்த எழுத்தைத் தொட்டது என்று இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் மேஜையில் தலையைச் சாய்த்ததுதான் தெரியும்.

கதவு தட்டுகிற சத்தத்தில் விழித்தேன். ஷானாஸ் சிஸ்டர். "சார், மூணரை ஆச்சு. ஆறு பேரு வெளில உக்காந்திருக்காங்க. சிஸ்டம் வந்துடுச்சுங்களா?"

அப்போதுதான் எதை அடித்தேன் என்று உறைத்தது. ஸ்க்ரீனைப் பார்த்தால், புரோகிராம் திறந்திருக்கிறது, ஆறு பேரின் கணக்கும் அப்படியே இருக்கிறது. ரிலீஸ் மாறவில்லை. லாக்கைப் பார்த்தேன். தொடரலாமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று பதில் பதிவாகியிருந்தது. அதற்கப்புறம் இரண்டு கமாண்ட். ஒன்று, நான் பெயரே கேள்விப்படாத ஒரு சின்ன மென்பொருள் பேக்கேஜை, இதைத் தொடாதே என்று நிறுத்தி வைப்பது; அதற்கு அப்டேட் வந்ததே இந்த இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. இன்னொன்று, வழக்கமான அப்டேட். நாற்பத்தொரு அப்டேட்டில் நாற்பது ஏறியிருந்தது. வெளியிலிருந்து யாரும் சர்வருக்குள் வந்த தடம் இல்லை. முதல் வரியின் கடைசியில் ஒரு ஹேஷும் குறிப்பும் இருந்தன, அதைப் பிறகு சொல்கிறேன்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது ஷானாஸிடம் நடந்ததைச் சொன்னேன், குறிப்பைத் தவிர. அவர் சிரிக்கவில்லை. "தூக்கக் கலக்கத்துல நீங்களே அடிச்சிருப்பீங்க சார். நைட் டூட்டியில நான் பி.பி. பாத்து நோட்ல எழுதிட்டு, காலைல இதை யாரு எழுதினாங்கன்னு கேட்டிருக்கேன்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நிம்மதி ஒரு வாரம்தான். மகள் வீட்டுக்கு வந்த பிறகு, வேறொரு பழைய கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் நகலெடுத்து, நிறுத்தி வைத்திருந்த அந்த ஒன்றையும் ஏற்றிப் பார்த்தேன். புரோகிராம் நன்றாகவே திறந்தது. பெயர்கள் வந்தன, எடைகள் வந்தன. ஆனால் புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்ணைக் காணோம். ஒருவருக்கு இருக்க வேண்டிய எடை ஐம்பத்திரண்டரை கிலோ என்றால், அது ஐம்பத்திரண்டு ஆகியிருந்தது. ஒவ்வொருவருக்கும் அரைக் கிலோ, முக்கால் கிலோ தண்ணீர் கூடுதலாக எடுக்கச் சொல்கிறது, யாருக்கும் தெரியாது. நான் தூங்காமல், தப்பே செய்யாமல் வழக்கம்போல் வேலை பார்த்திருந்தால்கூட அதை ஏற்றித்தான் இருப்பேன். அந்த ஆறு பேரும் அன்றைக்கு என் கையால் சுருண்டிருப்பார்கள்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். தூக்கத்தில் கை கமாண்ட் அடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். எனக்கே தெரியாத ஒன்றை அது எப்படி அடிக்கும்? அந்தக் குறிப்பு இதுதான்: "சொல்லணும்னு சொன்னேன்ல மாப்ள, இதான்."

இப்போதெல்லாம் நானும் ஹேஷ் போட்டு எழுதுகிறேன். போன மாதம் அப்டேட் முடிந்ததும், "வேற ஏதாவது இருக்காண்ணே" என்று அடித்தேன். பைக் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த மாதமும் உட்காருவேன்.