சுண்ணாம்புக் கோடு

இந்திய அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் நடந்த முதல் கலியாணம் தங்கச்சியுடையது. மணமக்கள் ஏறுவதற்கென்று, கூரையில்லாத பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொழும்பில் இரவல் வாங்கி ஓட்டிவந்தேன். மன்னாருக்குப் போகும் வழியில் முருங்கனுக்கு வந்ததும், கியர் மாற்றும்போதெல்லாம் அடியில் ‘டொக்’ என்றது. அன்று நாலு மணிக்கு மன்னார்க் கோயிலில் கலியாணப் பூசை.

உழவு மெசின் திருத்துகிறவர் ஒருவர்தான் அகப்பட்டார். வெற்றிலை வாய், பெரிய வயிறு. எப்படித்தான் காருக்கடியில் நுழைந்தாரோ! பின்சில்லைச் சுழற்றும் ஷாஃப்டுக்கும் அதைக் கவ்வும் கிளாம்புக்கும் குறுக்கே, வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார்.

“கோடு முறிஞ்சா ஷாஃப்ட் வழுக்குது. ஓடிப் பாப்பம்.”

சுண்ணாம்புக் கையால் கதவைப் பிடித்துப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பத்து யார் தூரம் போனதும் நிற்பாட்டச் சொல்லி, இறங்கிக் குனிந்து பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் போவம். மெள்ளமா விடுங்கோ.”

பல மைல் தள்ளியிருந்த உயிலங்குளம் வரை போனோம். பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் வெள்ளை விரலை ஆட்டினார். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கலியாணமே மறந்துபோனது.

திரும்பி வந்து, புரி தேய்ந்த கிளாம்ப் போல்டைக் கழற்றிவிட்டு, உழவு மெசின் போல்ட் ஒன்றைப் பூட்டினார். சத்தம் நின்றது.

“அண்ணை, கோடு எவடத்தில முறிஞ்சது?”

“இந்த வாசலிலயே.”

“பிறகேன் உயிலங்குளம் மட்டும் போனனாங்கள்?”

“தம்பி, இப்பிடி ஒரு கார் இனி எப்ப என்ர வாசலுக்கு வரும்?”

கலியாணப் படத்தில், சிவப்புக் கதவில் ஐந்து வெள்ளை விரலடையாளங்கள் தெரியும். தங்கச்சி இன்றைக்கும் அதைப் பார்த்துத் திட்டுவாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.