மின்தடை நாளில் வேலைக்கு வந்தவர்

சிக்கந்தர் பாய் இறந்துவிட்டார் என்று போன செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நான் நம்பவில்லை. முந்தின நாள் மாலைதான் கோரிப்பாளையத்துக்கு பஸ் ஏறியிருந்தார். இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டேன். இருவரும் அதே குழுவில் பார்த்ததாகவே சொன்னார்கள். கடைசியில் அவர் வீட்டுக்கே போன் செய்தேன். மகள் எடுத்தாள். "ஆமா ஆன்ட்டி, அத்தா மௌத்தாயிட்டாக" என்றாள். அதற்கு மேல் யாரிடம் கேட்பது?

இந்தப் புத்தி எனக்கு யாரிடமிருந்து ஒட்டியது என்று அவரோடு வேலை பார்த்து, இன்று இங்கே கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். எங்கள் எலக்ட்ரானிக்ஸ் கருவிகள் எல்லாம் அவர் பொறுப்பு. யார் எதைக் கண்டுபிடித்துச் சொன்னாலும், "ஒயரப் பிடுங்கிட்டுப் பாத்தீங்களா?" என்பார். பிடுங்கிய பிறகும் அளவு வந்தால் அது பொய். கேன்டீன் டீ நன்றாக இருக்கிறது என்றால்கூட, "நேத்தும் இப்படியா இருந்துச்சு?" என்று கேட்கிற மனிதர்.

என் வேலை மின்னோட்டத்தில் வரும் எலக்ட்ரான்களைப் பற்றியது. ஒவ்வொன்றும் எந்தக் குவாண்டம் நிலையில் வருகிறது என்று, அந்த ஓட்டத்தின் மிகச் சன்னமான இரைச்சலை வைத்து அளக்க வேண்டும். மூன்று வருடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள், எதிர்பார்த்த இடத்திலேயே திரையில் ஒரு சிகரம் எழுந்தது. கட்டுரை எழுதி, அவர் பெயரையும் சேர்த்துக் காட்டினேன்.

"இம்புட்டு அழகா வந்தா எனக்குப் பயமா இருக்கு மேடம். என் பேரப் போடாதீங்க."

பொறாமை என்று நினைத்தேன். மாதாந்திர மின்தடை நாளில் நாங்கள் எல்லோரும் லீவு போடுவோம். அன்றெல்லாம் பாய் மட்டும் வந்து என் அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வாட்ச்மேன் சொன்னதும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. நான் இல்லாதபோது என் கருவியை யாரோ கெடுக்கிறார்கள் என்று துறைத் தலைவருக்குப் புகார் எழுதினேன். பெயரையும் எழுதினேன்.

அடுத்த மின்தடை நாளில் கையும் களவுமாகப் பிடிக்க, யாரிடமும் சொல்லாமல் போனேன். ஃபேன் இல்லாமல் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். திருமங்கலத்திலிருந்து கொண்டுவந்த இரண்டு லாரி பேட்டரிகளில் என் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் திடுக்கிடவில்லை.

"வாங்க மேடம். இன்னைக்கு ஊருக்கே ஒயரப் பிடுங்கியிருக்காக. பாருங்க."

திரையில் என் சிகரம் இல்லை. வராந்தாவில் புதிதாக மாட்டிய விளக்குகளின் மின் இரைச்சல்தான் சிகரமாகத் தெரிந்து இத்தனை நாள் என்னை ஏமாற்றியிருக்கிறது. அழுதுவிட்டேன். அவர் திரையின் அடியில் ஒரு சின்ன மேட்டைக் காட்டினார்.

"இது போன மாசமும் இருந்துச்சு, அதுக்கு முந்தின மாசமும் இருந்துச்சு. எலக்ட்ரான் அனுப்புறத நிறுத்துனா மட்டும் போயிருது. இது உங்களோடதுதான்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே பாய்?"

"மூணு மாசம் பாக்காம எப்படிச் சொல்றது?"

அந்தச் சின்ன மேடுதான் பிறகு எங்கள் இருவர் பெயரிலும் கட்டுரையானது. என் புகாரைத் தலைவர் அவரிடம் அந்த மின்தடை நாளுக்கு முந்தின வாரமே காட்டிவிட்டார் என்று வெகுநாள் கழித்துத்தான் அறிந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று மன்னிப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அந்தப் பேட்டரிகள் இப்போதும் என் அறையில் இருக்கின்றன. புகாரின் நகலும் மேசை டிராயரில் இருக்கிறது. அதைக் கிழிக்கப்போவதில்லை. அந்தச் சிகரத்தைக்கூடக் கடைசியில் சோதித்துப் பார்த்துவிட்டோம். ஒயரைப் பிடுங்கிப் பார்க்காமல் நம்பியது, பாய், உங்களைப் பற்றிய என் நினைப்பை மட்டும்தான். மன்னிச்சிருங்க பாய்.