சாப்பாட்டு மேஜையில் ரேடியம்

ஷிஃப்ட் முடிந்து வெளியே போகும் கேட்டில் சோதனை மிஷினின் மணி அடித்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். ஒருவர் மாட்டிக்கொண்டால் பின்னால் வரிசையில் இருக்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டும். வெளியே பஸ் டிரைவர் ஹாரனில் கை வைத்தால் எடுக்கமாட்டார். எல்லோரும் என்னையே முறைப்பார்கள், ஏதோ நான்தான் மணி அடித்துவிட்ட மாதிரி.

அணுமின் நிலையம் ஒன்றின் ஹெல்த் பிசிக்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வெளியே போகிறவர் உடம்பிலோ துணியிலோ கதிர்வீச்சுள்ள தூசு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது எங்கள் வேலை. புதிதாக இந்தப் பிரிவில் சேரும் பிள்ளைகளுக்காக மோசஸ் விஷயத்தை எழுதுகிறேன்.

மோசஸ் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். திருக்கழுக்குன்றம் பக்கத்து ஆள், தங்கமான வேலைக்காரன். ஒரே பைத்தியம், பழைய பட்டாள வாட்ச். அந்தக் காலத்துச் சிப்பாய்களும் விமானிகளும் கட்டியதையெல்லாம் தேடித் தேடி வாங்குவான். தினம் ஒன்றைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து மணிக்கட்டைப் படம் பிடித்து, வாட்ச் பிரியர்களின் குரூப்பில் போடுவான். மாமல்லபுரம் பீச்சுக்குப் போனால் உப்புக் காற்று படுமாம், வாட்ச்சுக்கு மேல் கைக்குட்டை சுற்றிக்கொள்வான். இத்தனைக்கும் ஒன்றுகூட ஒழுங்காக ஓடாது. மணி என்ன என்று கேட்டால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்வான்.

உள்ளே வரும்போது வாட்ச்சைக் கழற்றி லாக்கரில் வைக்க வேண்டும் என்பது விதி. அன்று அவன் வைக்கவில்லை. வெளியே போகும்போது மணி அடித்தது.

"இன்னா மேடம், மிஷினு ரிப்பேரா?" என்றான்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. கையில என்ன?"

"பைலட் வாட்ச் மேடம். சூப்பர் பீஸு. இத்தப் போயி லாக்கர்ல பூட்டி வெக்க மனசு வரல."

முட்களிலும் எண்களிலும் பழுப்பேறிய பெயிண்ட். இருட்டிலும் நேரம் தெரியட்டும் என்று அந்தக் காலத்தில் ரேடியம் கலந்து பூசியது அது.

"இதுல ரேடியம் இருக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மேடம். ஆனா இப்ப இருட்டுல எரியறதே இல்ல. செத்துப்போன ரேடியம்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒளி நின்றுபோனது பெயிண்ட் கெட்டுப்போனதால். ரேடியம் பாதியாகக் குறையவே ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகும். இதையெல்லாம் பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுத் தலையாட்டியவன் இவன்!

வாட்ச்சை வாங்கிப் பையில் போட்டுத் தள்ளி வைத்தேன். திரும்பப் போய் நிற்கச் சொன்னேன். மறுபடி மணி.

"அண்ணாத்த, பஸ் பூடும்ப்பா!" என்று வரிசையில் ஒருவர் கத்தினார்.

அவன் கைகளைக் கதிர்வீச்சு மீட்டரால் சோதித்தேன். வலது கை நகக்கண்களில் மீட்டர் கத்தியது. அங்கிருந்து தூசை ஒற்றியெடுத்துப் பார்த்தால் அதுவும் ரேடியம். அவன் வேலை செய்கிற இடத்தில் ரேடியமே கிடையாது. அப்படியென்றால் அது வாட்ச்சுக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

"மோசஸ், வாட்ச்சைத் திறந்தியா?"

"நேத்து கண்ணாடி மாத்தினேன் மேடம். பெயிண்ட் உதிர்ந்துகினே இருந்துச்சி. பிளேடால லேசா சொரண்டி வுட்டேன்."

"எங்க வச்சு?"

"வூட்லதான். சாப்புடற டேபிள்ல."

"குழந்தை எங்கய்யா இருந்தா?"

அவன் மகள் ஜெனிக்கு இரண்டு வயசு. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற பருவம். "வாட்ச்சயே பாத்துகினு இருந்தேன், கவனிக்கல மேடம்" என்றான் மோசஸ். முகம் வெளுத்துப்போனது.

அவன் கையைச் சுத்தம் செய்துவிட்டு, மீட்டரோடு அவன் குடியிருந்த அணுபுரம் குவார்ட்டர்ஸுக்குக் கிளம்பினோம். பிளாண்டுக்குள் கையுறை இல்லாமல் ஒரு ஸ்பேனரைத் தொடமாட்டான். வீட்டில் பனியனோடு உட்கார்ந்து ரேடியத்தைச் சுரண்டி, வாயால் ஊதியும் விட்டிருக்கிறான். வழி முழுக்கத் திட்டினேன். பயிற்சி வகுப்பில் போலவே எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அதுவே இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மேஜையில் மீட்டர் கத்தியது. நாற்காலியில் கத்தியது. மேஜை துடைத்த துணியிலும் கத்தியது. ஜெனியை விரல் விரலாகப் பார்த்தேன். வாய், சட்டை, தலைமுடி. சத்தமில்லை. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன். அப்போதும் சத்தமில்லை.

"இவ அந்த மேஜைப் பக்கமே வரலையாம்மா?" என்று மோசஸின் மனைவி ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"எங்க மேடம் வர்றது? இந்தாளு வாட்ச்சப் பிரிச்சிட்டா டேபிளே எங்களுக்குக் கெடையாது. மூச்சு வுட்டா ஸ்க்ரூ பறந்துடுமாம். நேத்து அத்தப் பிரிச்சதுமே பேஜாராப் போயி, கொழந்தையத் தூக்கினு எங்கம்மா வூட்டுக்குப் பூட்டேன். எப்பக் கெளம்பினேன்னுகூட இந்தாளுக்குத் தெரியாது. இப்பத்தான் வந்து காலு வெக்கறேன், நீங்க வந்து நிக்கறீங்க."

மோசஸ் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து விசும்பினான். பாவமாக இருந்தது. அந்தப் பாவம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"மேடம், தொறக்காத வாட்ச்சுங்கள மட்டும் வெச்சிக்கலாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா சொன்னாள்: "தாராளமா வெச்சிக்கட்டும் மேடம். என்னியும் புள்ளயையும் மட்டும் எங்கம்மா வூட்டாண்ட எறக்கி வுட்டுட்டுப் போங்க."

அவன் எழுந்து உள்ளே போய், வாட்ச் பெட்டியைத் தானே கொண்டுவந்து என் பையில் வைத்தான்.

மேஜையும் நாற்காலியும் கதிரியக்கக் கழிவோடு போயின. மூவருக்கும் முழு உடம்புச் சோதனை நடந்தது. தாய்க்கும் மகளுக்கும் ஒன்றுமில்லை. மோசஸை டாக்டர்கள் கொஞ்ச காலம் விடாமல் பார்த்தார்கள், அவனும் தப்பித்தான். இப்போது வெறுங்கையோடு வந்து போகிறான்.

பிள்ளைகளே, நம் மீட்டர் கேட்டோடு சரி. அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது ஸ்டெல்லாவின் கோபம். நான் போய்ச் சேர்ந்ததெல்லாம் அதற்கு மறுநாள்தான். அதனால் இன்றைக்கும் ஒரு பெண் தன் புருஷனின் பொழுதுபோக்கைத் திட்டினால், நான் குறுக்கே பேசுவதில்லை.