பட்டமும் மொட்டையும்

சகோதரர்களே, ஆண்டவர் எனக்குச் செய்த உபகாரத்தைச் சொல்லுமுன் என் புத்திக்குறைவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகு, தலையில் நரை எட்டிப் பார்த்த வயதில், மனிதர்களை நடத்துவது எப்படி என்று காலேஜில் படிக்க நான் சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலேறினேன். அதுவரை என் வீட்டில் நான் சொல்லி ஒரு பூனைகூட நகர்ந்ததில்லை.

நயா பைசா வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். சங்ககிரி ரோட்டில் ஒரு நூல் மில்லில், தொழிலாளர் வருகையைப் பதியும் டைம் ஆபீசில் நான் பி.ஏ. படித்த குமாஸ்தா. பெரிய மில் என்றால் தொழிலாளர் நல அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அதற்கென்று தனிப் படிப்பும் இருந்தது. பணியாளர் நிர்வாகம் என்று பெயர். எங்கள் முதலாளி நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர். சட்டத்தைக் கொசுக்கடி போல் பாவிப்பவர்.

"வெளியாளக் கொண்டாந்து வெச்சா அவன் எனக்கே சட்டம் பேசுவான். நீ நம்ம டிரைவர் மகன். போய்ப் படிச்சுட்டு வா. நாற்காலி உனக்குத்தான்" என்றார்.

டிரைவர் என்றது என் அப்பாவை. மில் தொடங்கிய நாளில் பஞ்சுப் பொதிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். லாரியை விட்ட பிறகும் வாரம் ஒருமுறை மில் கேட்டுக்குப் போய் வாட்ச்மேனோடு டீ குடித்துவிட்டு வருவார். அதுதான் அவருக்குத் திருவிழா.

சம்பளமில்லா லீவில் போனேன். என் மனைவி லூர்து தையல் மெஷினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டினாள். காலேஜில் என்னோடு படித்த பையன்கள் என்னைத் தாத்தா என்று கூப்பிட்டார்கள். தொழிலாளியிடம் குறை கேட்பது எப்படி என்று செய்துகாட்டச் சொன்ன பேராசிரியர், நான் செய்து முடித்ததும், "உங்கள் முகத்தைப் பார்த்தால் எந்தத் தொழிலாளியும் தன் குறையைச் சொல்ல மாட்டான். உங்களுக்கு என்ன குறை என்றுதான் கேட்பான்" என்றார். வகுப்பு மேஜையைத் தட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். பரீட்சையில் தோற்றபோது சிரிக்க முடியவில்லை. போனது தொழில் உளவியல். மனித மனத்தை அறிந்துகொள்ளும் பாடம்.

ஊருக்கு வந்தேன். லூர்து தைப்பதை நிறுத்தவில்லை.

"மனுசங்கள நடத்தறதுக்குப் படிக்கப் போனாரு. ஒரு மனுசனும் பாஸ் போடலை" என்று மெஷினிடம் சொன்னாள்.

மறுபரீட்சைக்கு உட்கார முடிவு செய்த வாரத்தில் மில்லிலிருந்து சேதி வந்தது. முதலாளியின் மச்சினர் மகன் கோயமுத்தூரில் சட்டம் படித்துவிட்டு வந்திருக்கிறான். நாற்காலியை அவனுக்குத் துடைத்து வைக்கிறார்கள். என் பழைய ஸ்டூலிலும் வேறொருவன் உட்கார்ந்துவிட்டான். அதாவது, பாஸானால் நான் படித்த வேலையற்றவன். தோற்றால் படிக்காத வேலையற்றவன்.

அன்று செவ்வாய்க்கிழமை. பங்குக் கோயிலில் அந்தோனியார் பீடத்தின் முன் முழந்தாளிட்டேன். ஜெபம் வரவில்லை. பெரியவன் கிழிந்த சட்டையோடு பள்ளிக்கூடம் போனதுதான் கண்ணில் நின்றது. தையல்காரி மகனுக்குக் கிழிந்த சட்டை. ஊரார் துணியைத் தைத்து முடிக்கவே அவளுக்குப் பொழுது போதவில்லை. அழுதேன். "சாமி, பாஸும் வேணும், நாற்காலியும் வேணும். கொடுத்தால் என் தலைமுடி உமக்கு" என்று பொருத்தனை செய்தேன். தலைமுடியும் அப்போது கொடுக்கிற மாதிரியாக இல்லை. இருந்ததைச் சொன்னேன்.

பரீட்சையில் தேறினேன். நாற்காலி விஷயத்தில் மட்டும் அந்தோனியார் பேசாமல் இருந்தார். பொருத்தனையை முன்கூட்டியே செலுத்திவிட்டால் அவர் சங்கடப்பட்டு மீதியையும் செய்துவிடுவார் என்று, இரண்டு வருஷம் உளவியல் படித்த எனக்குத் தோன்றியது. கோயிலுக்குப் பின்னால் கடை போட்டிருந்த நாவிதர் ராசுவிடம் போய்த் தலையைக் குனிந்தேன்.

"மீசையுமா சாமி?" என்றார் ராசு.

பக்தி மிகுதியில், "எல்லாத்தையும் எடு" என்றேன்.

மறுநாள் காலையில் முதலாளியிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று மில்லுக்குப் போனேன். எனக்கென்று சொல்லியிருந்த நாற்காலியிலேயே மச்சினர் மகன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து நின்றார். எந்தப் பணியாளுக்கும் அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

அவருக்குத் தெரிந்த உலகத்தில் மொட்டைக்குக் காரணம் இரண்டே. ஒன்று பழனி, இன்னொன்று அப்பன் சாவு. நான் வேதக்காரன், எனக்குப் பழனி கிடையாது. மீசையும் வேறு இல்லை.

"டிரைவர் போயிட்டாரா? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையே" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "பேசாதே. துக்கத்துல பேச வேண்டாம்." பிறகு மச்சினர் மகனைப் பார்த்து, "எந்திரி. அப்பனப் பறிகொடுத்துட்டு நிக்கறவன்கிட்டக் குடுத்த வாக்க மாத்துனா ஊரு என் மூஞ்சில காறித் துப்பும்" என்றார். அங்கிருந்த மேனேஜரிடமும் மேஸ்திரிகளிடமும், "இனிமே இவன்தான் ஆபீசர்" என்று சொல்லிவிட்டார்.

எதிராளி பேசும்போது குறுக்கிடக் கூடாது, பேசி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும் என்பது எங்கள் படிப்பில் முதல் பாடம். பொறுத்தேன். அவர் பேசி முடித்துக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள், நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்தக் கார் எங்கள் வாசலில் நின்றது. துக்கம் கேட்க முதலாளி, மேனேஜர், மச்சினர் மகன் மூவரும் வந்திருந்தார்கள். மேனேஜர் கையில் ரோஜா மாலை. கதவைத் திறந்தவர் என் அப்பா. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

"வாங்க சாமி, வாங்க. நம்மூட்டுக்கு வந்திருக்கீங்க, என்ன விசேசமுங்க?" என்றார் அப்பா.

முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார். "யாரு... போனது?"

அப்பா என் தலையைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். நெடுஞ்சாலையில் எதிர்லாரியின் விளக்கைப் பார்த்தே டிரைவரின் குணத்தைச் சொல்பவர் அவர். புரிந்துகொண்டார்.

"முடிதானுங்க போச்சு. அந்தோனியாருக்குப் பொருத்தனைங்க" என்றார். மேனேஜர் கையிலிருந்து மாலையை வாங்கி, "எனக்குன்னுதானுங்களே கொண்டாந்தீங்க" என்று தானே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை.

"மாமா, அப்பன் செத்துட்டான்னு ஏமாத்தி வேலை வாங்கியிருக்கான். இப்பவே தொரத்துங்க" என்றான் மச்சினர் மகன்.

"ஏண்டா சொல்லலை?" என்றார் முதலாளி.

"நீங்க பேச வேண்டாம்னீங்க."

"சொன்ன பேச்சக் கேக்கற பையனுங்க, சின்ன வயசுலருந்தே" என்றார் அப்பா, மாலையைச் சரிசெய்தபடி.

லூர்து கொண்டுவந்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நான் பால் செம்போடு நின்று அந்தோனியாரைக் கூப்பிட்டேன். வார்த்தையெல்லாம் இல்லை, வெறும் கூப்பாடு, மனத்துக்குள். அப்படி ஒரு ஜெபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் செய்ததில்லை.

முதலாளி தலை நிமிர்ந்தார். "டிரைவர் செத்தாரு, மகனுக்கு வேலை குடுத்தேன்னு எடப்பாடி வரைக்கும் பேசறாங்க. இப்ப இவனத் தொரத்துனா, பொணமில்லாத எழவுக்கு மாலையோட போன மடையன்னு என்னத்தான் சிரிப்பாங்க. இவன் இருந்து தொலையட்டும்." பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. நீ மில்லுப் பக்கம் தலகாட்டக் கூடாது. செத்தவன் செத்தவனாவே இரு."

"ஆகட்டுமுங்க" என்றார் அப்பா.

கார் போனதும் அப்பா மாலையைக் கழற்றி அந்தோனியார் படத்துக்குப் போட்டார். "செத்தது நானு. மொட்டை மட்டும் அவருக்கா?" என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

வேலை கிடைத்தது. பெரியவனுக்குச் சட்டை கிடைத்தது. லூர்து மெஷினை மூடி மேலே பூத்துணி விரித்தாள். அப்பா மட்டும் அதன் பிறகு மில் கேட்டுக்குப் போகவில்லை. டீ குடிக்கும் நாளில் பஸ் ஸ்டாண்டு வரை போய், சங்ககிரி பஸ் புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார் என்று லூர்து சொன்னாள். நான் பாவசங்கீர்த்தனத்தில் நடந்ததைச் சொன்னேன். கம்பிக்குப் பின்னால் சாமியாரின் தோள் குலுங்குவது தெரிந்தது. அபராதத்தைக் கண்டிப்பான குரலில்தான் கொடுத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா உண்மையாகவே இறந்தார். மில்லிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்கள் துக்கத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். டீ குடித்த வாட்ச்மேனுக்குக்கூட நான் சொல்ல முடியவில்லை. செத்தவர் மறுபடி செத்தார் என்று எப்படிச் சொல்வது? எங்கள் தெருக்காரர்களே சுமந்துபோய்க் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம்.

சகோதரர்களே, ஆண்டவர் கேட்டதைக் கொடுத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் படித்த உளவியலைக் கொண்டு கொடுக்கவில்லை. ஒரு பெரிய மனிதரின் வீம்பையும் ஒரு நாவிதரின் கத்தியையும் கொண்டு கொடுத்தார். அதற்கு என்ன விலை ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்று என் அறைக்கு வருகிற தொழிலாளி பேசி முடித்ததும், நான் புரிந்துகொண்டது சரியா என்று திருப்பிக் கேட்காமல் அனுப்புவதில்லை. மொட்டையோடு யார் வந்தாலும் காரணத்தைக் கேட்டுவிட்டுத்தான் முகத்தை மாற்றிக்கொள்கிறேன். ஒரு தொழிலாளி வீட்டுச் சாவையும் தவறவிடுவதில்லை. நீங்களும் மனமுடைந்த நேரத்தில் கேளுங்கள். கொடுப்பார். எந்த வழியாகக் கொடுப்பார் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லித்தர முயலாதீர்கள்.

அப்பாவின் அடக்கம் முடிந்த மறுநாள் நாவிதர் ராசுவிடம் போனேன். அப்பன் செத்தால் மொட்டை போடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் மொட்டை மட்டும் அவருக்கா என்று அப்பா கேட்டது மனத்தில் கிடந்தது. "இந்தத் தடவை அப்பாவுக்கு" என்று தலையைக் குனிந்தேன்.

ராசு கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினார். "அவருக்குத்தான் அன்னிக்கே போட்டாச்சுங்களே சாமி. மில்லுக்காரங்க அப்படித்தான் சொன்னாங்க."